இரண்டாவது ஓட்டுநர்

பரணிதரனின் வலது கட்டைவிரல் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சுபத்ரா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வண்டி அவளைக் கடந்து போக ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டாள்.

விரலை அப்படி நீட்டி வைக்க வேண்டிய அவசியம் அந்த மைதானத்தில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வால்வு மூடி ஒன்று தெறித்து அவளுடைய கட்டைவிரல் எலும்பை முறித்தது. எலும்பு கூடியது, விரல் மட்டும் முழுதாக மடங்காமலே நின்றுவிட்டது. அதிலிருந்து நான்கு விரல்களால்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். பரணிதரனுக்கு அப்படி எந்தக் காயமும் கிடையாது. இரண்டு கட்டைவிரலும் நன்றாக மடங்கும். முந்தின மாதம் வரை ஸ்டியரிங்கைக் கிணற்றுக்கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டியவன் அவன்.

கோயம்புத்தூரின் பெரிய சாலைகளில் வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கையால் ஓட்டினால்தான் மனசு ஆறும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நீலாம்பூரைத் தாண்டி மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் சிமெண்ட் மைதானத்தில் கூடினார்கள். ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். போட்டி கடிகாரத்தோடு. ஒரு கோனைத் தட்டினால் இரண்டு நொடி கூட்டிவிடுவார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். ஜெயித்தால் வருடக் கடைசியில் ஒரு பித்தளைக் கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பைக்காக டயரில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து வாரம் முழுவதும் தூக்கம் கெடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

சுபத்ரா கடந்த இரண்டு வருடமும் அந்தக் கோப்பையை வென்றவள். அவள் கணவன் பரணிதரன் அவளுக்குத் துணையாக வருகிறவன். இருவருக்கும் ஒரே பழைய சிவப்பு வண்டி. அவள் ஓட்டி முடித்ததும் அவன் ஏறுவான். இரண்டு பேர் ஒரு வண்டியைப் பகிர்ந்துகொள்வது அங்கே சகஜம். அவன் பெயர் எப்போதும் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருக்கும். கோனைப் பார்த்துப் பயந்து, அந்தக் கோனிலேயே கொண்டுபோய் விடுவான். "இடிக்கப் போறதைப் பாத்தா இடிக்கத்தான் செய்வீங்க. அதுக்கடுத்த கோனைப் பாருங்க" என்று அவள் சொல்லாத ஞாயிறு கிடையாது.

அன்று அவன் இரண்டாவதாக வந்தான்.

"அக்கா, அண்ணன் யாருகிட்டக் கத்துக்கறாருங்க?"

கேட்டவள் ரிஸ்வானா. உக்கடத்தில் சொந்தமாக டயர் கடை நடத்துகிறவள். போன வருடம் மயிரிழையில் கோப்பையைச் சுபத்ராவிடம் விட்டவள். இன்று பரணிதரனால் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தாள்.

"யாருகிட்டயும் இல்லயே. ஏன்?"

"திரும்பி நின்னு டயர் மாத்திட்டிருந்தேனுங்க. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஆக்சிலேட்டரை விடாமயே இடது கால்ல பிரேக்கைத் தொட்டுட்டு எடுக்கற சத்தம். நீங்கதான் ரெண்டாந்தடவை ஓட்டறீங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா அண்ணன்."

ரிஸ்வானா சிரித்தபடிதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

அந்த இடதுகால் வித்தை சுபத்ராவுக்கு வசப்பட மூன்று வருடம் பிடித்தது. வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட வேண்டும். வண்டியின் கனம் முன்சக்கரங்களுக்குப் போகும், முன்பக்கம் தரையைக் கவ்வும், பின்பக்கம் லேசாக வீசித் திரும்பிக்கொடுக்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வண்டி பம்பரம்தான். பரணிதரனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முயன்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பெரிய சாலைக்கு வந்ததும் சிவப்பு வண்டியும் தானாக ஓடத் தொடங்கியது. அவள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்குப் பின் டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"நீ வெச்சதுதான். நான் எதையும் தொடலியே."

"முன்னால விடப் பின்னால ஏன் கூட வெக்கறோம்னு தெரியுமா?"

அவன் யோசித்தான். "மைலேஜுக்கா?"

பின்டயரில் காற்றைக் கூட்டுவது, பிடிமானத்தைக் குறைத்து வண்டியின் பின்பக்கம் சுலபமாக வீசுவதற்காக. அப்படி இளக்கி வைத்த வண்டியை அவன் சற்றுமுன் ஒரு கோனையும் தொடாமல் ஓட்டியிருக்கிறான். அது ஏன் இளகியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. நீச்சலடிக்கிறவனுக்குத் தண்ணீர் ஈரம் என்று தெரியாதது மாதிரி இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கவனிக்க எல்லாமே கோணலாகத் தெரிந்தது. அவன் அவளுடைய கைகளையே பார்த்தான். டிவி பார்க்கும்போது, அவள் புடவைக்குப் பின் குத்தும்போது, சாவியைத் துவாரத்தில் நுழைக்கும்போது அவன் பார்வை வந்து அவள் வலது கையில் உட்காரும். அவள் நிமிர்ந்தால் விலகிக்கொள்ளும். காபி டம்ளரை இப்போதெல்லாம் முக்கால்கூட நிரப்பாமல் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் வராதவன், "கத்தியைக் கொண்டா, நான் நறுக்கறேன்" என்று வந்து நின்றான். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து, லேசாக மூடி வைத்தான். குற்றம் செய்தவனின் கரிசனம் என்று அவள் முடிவு செய்தாள்.

சரவணம்பட்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனி, பக்கவாதம் வந்தவர்களின் கைகால்களை மறுபடி அசைய வைக்கும் கருவிகள் செய்தது. அவனுடைய வேலையைப் பற்றி அவள் அதிகம் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவனிடம் இல்லை.

வின்சென்ட்டிடம் போனாள். ஆட்டோகிராஸ் கிளப்பின் செயலாளர். போட்டிக்கு முன் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவரும் அவர்தான். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்தவர், இப்போது காந்திபுரத்தில் எடை மெஷின் கடை வைத்திருந்தார்.

"வா அம்மிணி. என்ன, மொகமே சரியில்ல?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விரலைப் பற்றிச் சொன்னபோது அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அவங்க கம்பெனிக் கருவி எனக்குத் தெரியும். முதுகுத்தண்டுகிட்டத் தோல்மேல பட்டை மாதிரி ஒண்ணு வெப்பாங்க. மூளையில இருந்து கைக்கும் காலுக்கும் உத்தரவு போகுதில்ல, அதை அந்தப் பட்டை படிக்கும். அப்பறம் அதே உத்தரவைத் திருப்பி அனுப்பும். மூளை அனுப்ப மறந்த எடத்துல அது அனுப்பும். பக்கவாதக்காரங்க நல்ல கையோட உத்தரவைப் படிச்சு, வராத கைக்கு அனுப்பறாங்க."

"ஒருத்தர் உடம்புல படிச்சதை இன்னொருத்தர் உடம்புல அனுப்பலாமுங்களா?"

வின்சென்ட் தாடையைச் சொறிந்தார். "முடியாதுன்னு சொல்றதுக்கில்ல. உத்தரவுக்கு ஆள் பேரா எழுதியிருக்கு? கை போனா சரி. ஆனா ஒண்ணு, வேணுங்கறதை மட்டும் பிரிச்சு எடுக்க முடியாது. கெட்ட பழக்கமும் சேந்துதான் வரும்."

"விரலும்."

"விரலும்."

"அந்தப் பட்டை முதுகுல ஒட்டியே இருக்கணுமா?"

"ஒட்டணும்னு இல்ல. முதுகு சாயற எடத்துல இருந்தாப் போதும்."

சுபத்ராவுக்கு வண்டியின் இருக்கை ஞாபகம் வந்தது. போன வருடம் பரணிதரன் வண்டிக்கு ஒரு புது இருக்கை வாங்கி மாட்டினான். இரண்டு தோளையும் அணைத்துப் பிடிக்கிற பந்தய இருக்கை. அவளுடைய முதுகுவலிக்காக என்று சொன்னான். அன்று அவள் அவன் கன்னத்தைக் கிள்ளியிருந்தாள்.

"அப்ப அந்தப் புதுச் சீட்டுலதான் என்னைப் படிச்சு வெச்சிருக்காரு" என்றாள். "எனக்கே தெரியாம, என்ற முதுகுல இருந்து."

"புகார் குடுக்கறியா?"

"குடுக்கறனுங்க."

"யோசிச்சுக்கோ. ரெண்டு பேரும் ஒரே வண்டி. சீட்டைக் கழட்டினா ரெண்டு பேரும்தான் பழைய சீட்டோட மறுபடி ஓட்டிக் காட்டணும். அவரை மட்டும் ஓட்டச் சொல்ல முடியாது."

"சொல்லுங்க. எனக்கென்ன பயம்?"

கடையை விட்டு இறங்கும்போது கோபத்தைவிட வேறொன்று அவளை அழுத்தியது. சம்பளத்தை இருவரும் சேர்த்தே செலவழித்தார்கள். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது அவன்தான் பார்த்துக்கொண்டான். அவளுக்கென்று தனியாக இருந்தது வளைவில் திரும்பும் அந்த ஒரு கணம் மட்டும்தான். அதையும் எடுத்துக்கொண்டானே.

அந்த ஞாயிறு ஆடிக் காற்று கோன்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் ஓடி ஓடி நிமிர்த்தி வைத்தார்கள். போட்டி தொடங்குவதற்கு முன் வின்சென்ட் எல்லோரையும் கூப்பிட்டு, சிவப்பு வண்டியின் மீது புகார் வந்திருப்பதாகச் சொன்னார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சுபத்ரா தானே முன்னால் வந்து நின்றாள்.

பரணிதரன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை. பயம் இருந்தது.

"சுபத்ரா, வேண்டாம். வா, வீட்டுக்குப் போலாம். வீட்ல எல்லாத்தையும் சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க."

"இங்க வேண்டாம்."

"இங்கதானே ஓட்டுனீங்க?"

வின்சென்ட்டும் இன்னொருவரும் இருக்கையின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தரையில் கவிழ்த்தார்கள். உறையைக் கிழித்ததும் சாய்மானத்தின் நடுவிலும் கீழேயும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார். ரிஸ்வானா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் சத்தத்துலயே சொன்னேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது சுபத்ராவின் காதில் விழுந்தது.

பழைய இருக்கையை மாட்டினார்கள். முதலில் பரணிதரன் ஓட்டினான். முதல் வளைவிலேயே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. மூன்று கோன்களைச் சாய்த்தான். முடிவுக்கோட்டில் பிரேக்கை மிதித்துக் குலுங்கி நின்றான். பழைய பரணிதரன். கூட்டம் சிரித்தது. சுபத்ரா சிரிக்கவில்லை என்றாலும் நெஞ்சுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவன் இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவளுக்கு வழி விடவில்லை.

"நான் திருடன்னு நிரூபிச்சாச்சு. போதும். நீ ஓட்டாத."

"தள்ளுங்க."

"சொன்னாக் கேளு."

"தள்ளுங்கன்னேன்."

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். கொடி இறங்கியது.

முதல் நேர்ப்பகுதி எப்போதும்போல் போனது. அடுத்து, கோன்களுக்கு இடையில் இடதும் வலதுமாகப் புகுந்து போகும் பகுதி. அங்கே அவள் எப்போதும் ஒரு கோன் முன்னாலேயே பார்ப்பாள், கை தானாக வந்துவிடும். இன்றும் பார்த்தாள். கை வரவில்லை. வந்தது, ஆனால் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல வந்தது. முதல் கோன் பம்பரில் அடிபட்டுப் பறந்தது. அதைச் சரிசெய்யத் திருப்பினாள், அதுவும் தாமதமாகவே வந்தது. இரண்டாவது கோன் சக்கரத்துக்கு அடியில் நசுங்கியது. வண்டியை இளக்கி வைத்தது அவள்தான். நொடியில் கால்பங்கு தாமதித்தாலும் மன்னிக்காத வண்டி அது. பின்பக்கம் வீசியது. எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு என்பதும் தெரிந்தது. வலது கை மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

வண்டி சுழன்றது. வேலியும் ஆட்களும் ஆகாயமும் மாறி மாறி வந்தன. ரிஸ்வானா யாரையோ இழுத்துக்கொண்டு ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. பழைய டயர்களை அடுக்கிய சுவரில் பின்பக்கம் மோதி வண்டி நின்றது. இரண்டு அடுக்கு டயர்கள் சரிந்தன. ஒரு நொடி முன்பு வரை அவற்றுக்குப் பின்னால்தான் ரிஸ்வானா நின்றிருந்தாள்.

யாருக்கும் அடிபடவில்லை.

இன்ஜின் அணைந்துபோயிருந்தது. சுபத்ரா தன் வலது கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த அந்தக் கையின் விரல்கள், மாவு உருட்டுவதுபோல் மெல்ல ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் உருட்டச் சொல்லவில்லை. இத்தனை வாரமாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் கையைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

பரணிதரன் ஓடிவந்து பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"போன தீபாவளிக்கு முன்னால இருந்து."

"எனக்கு என்ன?"

"தெரியாது. டாக்டர்கிட்டப் போகலை. போனா உனக்குத் தெரிஞ்சிரும்."

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான். "மொதல்ல திருடத்தான் வெச்சேன். அதுல பொய் இல்ல. ஒரு தடவையாவது உன் பக்கத்து எடத்துல வந்து நிக்கணும்னு ஆசை. உன்னைப் பதிவு பண்ணேன். சில மாசம் கழிச்சுப் பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். வலது கைக்குப் போற உத்தரவு லேட்டாயிட்டே வந்துச்சு. மெஷின்ல கோளாறுன்னு நெனச்சேன். சோதிக்கறதுக்காகப் பழைய பதிவை எனக்கு ஓட விட்டுப் பாத்தேன். என் கை சரியா வேலை செஞ்சுது. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்பறம்?"

"அதே பழைய பதிவை உனக்கே ஓட விட்டேன். கொஞ்சமா. உன் கை மறந்த எடத்துல மட்டும் எடுத்துக் குடுக்கற மாதிரி. நீ ஜெயிச்ச. உனக்குத் தெரியவே இல்ல. உன் கைதானே, எப்படித் தெரியும்?"

"போன வருசக் கோப்பை?"

அவன் ஆமென்பதுபோல் தலையசைத்தான்.

"நீங்க இப்ப மட்டும் எப்படி வேகமா ஓட்டுனீங்க?"

"உனக்கு அளவைக் கூட்ட வேண்டி வந்துச்சு, சுபத்ரா. ஒரே சீட்டு. கூட்டுனது எனக்கும் வந்துருச்சு." அவளைத் திரும்பிப் பார்த்தான். "என் முறை வர்றப்ப அணைச்சிருக்கலாம். அணைக்கல. நல்லா இருந்துச்சு."

வெளியே காற்று விழுந்த கோன்களை உருட்டிக்கொண்டு போனது. யாரும் அவற்றை எடுக்கவில்லை. எல்லோரும் தூரத்தில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே நீ ஓட்டறதை நிறுத்தியிருப்ப" என்றான்.

"நிறுத்தறதா வேண்டாமாங்கறதை நானில்ல முடிவு பண்ணணும்?"

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். சற்றுமுன் வரை அவளுக்குத் தன் கணவன்மேல் சந்தேகம். இப்போது கதவுப் பிடியைத் தொட்ட தன் கையின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பார்க்கின்சன் என்றார் நரம்பு மருத்துவர். சிலருக்கு நாற்பதுக்கு முன்பே வருமாம். அந்த அம்மாள் சுபத்ராவை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். பிறகு அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார்.

"பம்பு டெஸ்டிங்குங்க. பிரஷர் லைன்ல."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். "இத்தனை மாசமா இந்தக் கையோடயா அங்க வேலை பாத்தீங்க? வீட்ல யாருமே கவனிக்கலையா?"

பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். சுபத்ரா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் காப்பாற்றவும் இல்லை. "கவனிச்சாங்க" என்றாள்.

"முன்னாலயே வந்திருந்தா நோயை நிறுத்தியிருக்க முடியாதும்மா. அதைப் பொய்யாச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மாசமெல்லாம் தெரிஞ்சு வாழ்ந்திருப்பீங்க. வேலையை மாத்தியிருப்பீங்க. அது உங்க காலம்தானே."

மருந்து வேலை செய்தது. கை முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும் சொன்ன பேச்சுக் கேட்டது. கம்பெனியில் கேட்டு அலுவலகப் பக்கம் மாறிக்கொண்டாள். வீட்டில்தான் எதுவும் பழையபடி இல்லை. சோபாவில் உட்காருமுன் சாய்மானத்தைத் தடவிப் பார்த்தாள். மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள். ஒருநாள் கோலப்புள்ளி எல்லாம் நேராக விழுந்தபோது சந்தோஷப்படாமல், எழுந்து போய்ப் புடவையின் முதுகுப் பக்கத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். பரணிதரன் அதைப் பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போனான்.

கிளப் என்ன செய்வது என்று தெரியாமல் திணறியது. வின்சென்ட் வீட்டுக்கே வந்தார்.

"பரணிக்கு ரெண்டு வருசம் தடை. அதுல பேச்சில்ல. உன் விசயந்தான் பிடிபட மாட்டேங்குது. அடுத்தவங்க உதவி வாங்கக் கூடாதுன்னுதான் விதி. நீ யாருகிட்ட வாங்குன? உன்கிட்டயேதானே வாங்குன? கமிட்டியில பாதிப் பேரு கோப்பை உன்கிட்டயே இருக்கட்டுங்கறாங்க."

"அன்னைக்கு ஓட்டுனது நான்னு உங்களால சொல்ல முடியுமா?"

"நீ இல்லைன்னும் சொல்ல முடியலியே அம்மிணி."

அவர் போன பிறகு சுபத்ரா போன வருடக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு உக்கடத்துக்குப் போனாள். ரிஸ்வானா கடை வாசலில் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்கவில்லை.

"எனக்கு இது வேண்டாங்க்கா."

"நீதான் ஜெயிச்ச."

"யாருகிட்ட ஜெயிச்சேன்? அன்னைக்கு உங்களுக்கு உடம்பு முடியல. முடியாதவங்ககிட்ட ஜெயிச்சேன்னு வெச்சுக்கறதா? இல்ல, நல்லா இருந்த காலத்து உங்ககிட்டத் தோத்தேன்னு வெச்சுக்கறதா?" அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "போன தீபாவளியில இருந்து உங்க நேரத்தைப் பாத்துப் பாத்து என் வண்டியை மாத்துனேன். ஸ்பிரிங்கை மாத்துனேன், டயரை மாத்துனேன். எதுவும் சரிவராம, கோளாறு என்கிட்டத்தான்னு முடிவு பண்ணி, இந்த வருசம் விட்டுறலாம்னுகூட நெனச்சேன். அதை எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுப்பீங்க?"

சுபத்ரா கோப்பையைக் கடை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள். ரிஸ்வானா அதை உள்ளே எடுத்து வைத்தாளா, பழைய இரும்புக்குப் போட்டாளா என்று கடைசிவரை கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து போட்டிகள் மறுபடி தொடங்கின. சுபத்ரா பழைய இருக்கையோடு ஓட்டினாள். பின்டயர்க் காற்றைக் குறைத்து, வண்டியை அடக்கமாக மாற்றிக்கொண்டாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கைக்கு யோசிக்க நேரம் கொடுத்தாள். பட்டியலின் கீழ்ப்பாதியில் பெயர் வந்தது. பரவாயில்லை என்று சொல்லமாட்டாள். வலித்தது.

ஒருநாள் பரணிதரன் கறுப்புப் பட்டைகளையும் பதிவுகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"எல்லாம் இதுலதான் இருக்கு. நகல் இல்ல. அழிச்சிரவா?"

நகல் இல்லை என்பதை அவள் நம்பவில்லை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

"அழிக்கறதுக்கு முன்னால ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

"எதை?"

"என்னை. உள்ள உக்காந்து ஓட்டறவளுக்குத் தான் ஓட்டறது தெரியறதில்ல. நீங்க அதைப் போட்டு ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

போட்டி இல்லாத ஒரு சனிக்கிழமை. வின்சென்ட் மைதானத்தைத் திறந்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார். இருவருமாகக் கோன்களை அடுக்கினார்கள். பரணிதரன் பட்டைகள் பொருத்திய இருக்கையில் சாய்ந்தான். அவள் பக்கத்தில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

வண்டி சீறிக் கிளம்பியது. அவள் பாதையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். தோள்கள் இறங்கித் தளர்ந்திருந்தன. கண்கள் எப்போதும் அடுத்த வளைவில். இடது கால் பிரேக்கின்மேல் பூனையின் பாதம்போல நின்றது. அவன் முகத்தில் அவளுக்கே உரிய ஓர் அலட்சியம். இவ்வளவு அழகாகவா ஓட்டினேன் என்று நினைத்தாள். இதை இழந்தது அவளுக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

இரண்டாம் சுற்றில்தான் கவனித்தாள். கடைசிப் பெரிய வளைவு. அங்கே வண்டி தேவைக்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கில் அடங்கியது. மூன்றாம் சுற்றிலும் அதே இடத்தில்.

"நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான்.

"கடைசி வளைவுல நான் முன்னாலயே பிரேக்கைத் தொடறேன். தேவையே இல்ல. ஒரு வண்டி நீளம் தாண்டித் தொட்டிருக்கலாம்."

"ஆமா."

"ஆமான்னா?"

"எப்பவுமே அப்படித்தான். அந்த எடத்துல உனக்கு வயிறு இறுகும். எனக்கு அது அப்படியே வரும். நீ அங்க பயப்படறேன்னு மொதல் நாளே தெரிஞ்சுது."

தனக்குப் பயமே கிடையாது என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். நம்பியும் இருந்தாள்.

"அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீதான் ஜெயிச்சுட்டு இருந்தியே" என்றான் பரணிதரன். சொல்லி முடித்த பிறகுதான், அவள் நோயை மறைத்ததற்கும் இதே பதிலைத்தான் வைத்திருந்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

சுபத்ரா பெல்ட்டைக் கழற்றி அவன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னும் எதையெல்லாம் சொல்லாம வெச்சிருக்கீங்க?"

அவன் கையை நீட்டி இன்ஜினை அணைத்தான். சொல்ல நிறைய இருந்தது.